திருவிழா ஸ்லைடு

இருபத்திமூணு கட்டம் ரொம்பியாச்சு. இருபத்திநாலாவது கட்டத்துல பேனா முனைய வச்சுட்டு அப்படியே இருக்கேன், மை ஊறி ஊறிப் புள்ளி பெருசாகிட்டே போகுது, கைய எடுக்க ஏலல. ஏன்னா இந்த செல் எந்தப் பொட்டிக்குள்ளயும் போக மாட்டேங்குது. பொட்டி மொத்தமே அஞ்சுதான். வெள்ளணுல அஞ்சு வகை, நூறு செல்லத் தேடிப் பிடி, எது எது எத்தனைன்னு பிரிச்சு எழுது, அவ்வளவுதான் பரீட்சை. காலைல சீட்டெடுத்ததும் எனக்கு இதுதான் வந்துச்சு, துள்ளிக் குதிச்சேன், சத்தியமா, லேப் அட்டெண்டர் பேச்சியண்ணன் கூட 'என்ன டாக்டரம்மா, மாப்ள கிடைச்சிட்டானா'ன்னு கேட்டாரு. இன்னும் டாக்டர் ஆகல, எம்.பி.பி.எஸ். மொத வருசம், இது ஃபிசியாலஜி பிராக்டிக்கல், இதுல போச்சுன்னா அடிஷனல் பேட்ச், என்கூட வந்தவங்க எல்லாம் அடுத்த வருசத்துக்குப் போயிருவாங்க, நான் மட்டும் இதே ஸ்டூல்ல ஒக்காந்து இதே வட்டத்தப் பாத்துட்டு இருப்பேன். சுவர்க் கடிகாரத்துல இன்னும் இருபத்தோரு நிமிஷம் இருக்கு. பேச்சியண்ணன் மணி அடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. ஒத்தக் கண்ணு மைக்ரோஸ்கோப் இது. இடது கண்ண லென்சுல வச்சா வலது கண்ண மூடக் கூடாது, மூடுனா தலைவலி வந்துரும், தொறந்தே வச்சுப் பழகுங்கன்னு மொத நாளே சொல்லிட்டாங்க. அதனால இடது கண்ணுல ரோஸ் கலர் வட்டம், வலது கண்ணுல ஹால், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த ஹால்ல எனக்கு நேரா மூணாவது டேபிள்ல ஜெர்லின் ஒக்காந்து பேச்சியண்ணன் கைல பி.பி. பட்டையச் சுத்திட்டு இருக்கா. அவளுக்குச் சீட்டுல வந்தது பி.பி. பாக்குறது. ஜெர்லின் என் ரூம்மேட். அவ முகம் இப்ப என் வட்டத்துக்குள்ள, செல்லுங்களுக்கு நடுவுல மிதக்குது. அவ ரத்தத்துக்கு நடுவுல அவளே. ஆமா. இது அவ ரத்தம். என்னோடது இல்ல.

என்னோடது சிங்க்குல போயிருச்சு. விரல நல்லாதான் குத்துனேன், மொதச் சொட்டத் தொடச்சுட்டு ரெண்டாவது சொட்டக் கண்ணாடில வாங்கி, இன்னொரு கண்ணாடியச் சாச்சு வச்சு ஒரே இழுப்பு, நாக்கு மாதிரி அப்படி ஒரு படலம், எனக்கே கை தட்டணும்போல இருந்துச்சு. காய விடணும், அது ஒண்ணுதான் பாக்கி. அதுக்குப் பொறுமை இருந்தா நான் ஏன் நானா இருக்கேன். அவசரக்குடுக்கைன்னு எங்கம்மா சும்மாவா சொல்லுதாங்க. ஈரத்தோட சாயத்த ஊத்திட்டேன். பத்து நிமிஷம் கழிச்சுக் குழாயடில காட்டுனா, படலம் ஊதாக் கலர் தோல் மாதிரி உரிஞ்சு, சிங்க் ஓட்டைய ரெண்டு சுத்து சுத்திட்டு உள்ள போயிருச்சு. கைல வெறும் கண்ணாடி. அது வழியா என் அஞ்சு விரலும் தெரியுது. மறுபடி குத்தணும்னா பரீட்சை நடத்த வந்திருக்க எக்ஸ்டர்னல் மேடம்கிட்ட போய்ச் சொல்லணும், அதுக்குள்ள நேரம் போயிரும், கை தானா ஏப்ரன் பாக்கெட்டுக்குள்ள போச்சு, நான் அனுப்பல, அது தானா போச்சு. உள்ள மாத்து ஸ்லைடு. எங்க காலேஜ்ல இது புதுசில்ல, சாயம் நல்லா ஏறுன பழைய ஸ்லைடு ஒண்ண பாக்கெட்ல போட்டுட்டு வாரது சீனியருங்க காலத்துலருந்து நடக்குறதுதான், முக்காவாசிப் பேரு எடுக்க மாட்டாங்க, சும்மா ஒரு தைரியத்துக்கு. எனக்கு அதக் குடுத்ததே ஜெர்லின்தான், காலைல, ரெண்டு பேரும் பல்லு வெளக்கும்போது. 'ஏட்டி அருளு, இத வச்சுக்க. நீ கையக் கால ஒதறிக்கிட்டு எதையாச்சும் கொட்டிருவ.' 'வேண்டாம் போட்டி, எனக்கு எதுக்கு, ஸ்லைடுல நான்தான் கிங்கு.' 'கிங்கு, வாயத் தொடச்சுட்டுப் பேசு, பேஸ்டு வழியுது.' அந்த ஸ்லைடுதான். ஓரத்துல வைர பென்சிலால அவ ரோல் நம்பர் நாப்பத்தேழக் கீறி வச்சிருக்கா, அதுக்கு மேல பேப்பர் ஒட்டி என் நம்பர் ஆறுன்னு எழுதிட்டேன். ஒட்டுன பேப்பர் மேல நகத்த வச்சா அடில நாப்பத்தேழு நெரடுது. கால் மணி நேரமா நெரடிக்கிட்டே இருக்கேன்.

திருவிழா ஸ்லைடு. பேரு வச்சதும் நான்தான். ஜனவரில, மொத மொதலா எல்லாரும் அவங்கவங்க விரலக் குத்தி ஸ்லைடு போட்ட அன்னைக்கு. வெள்ளணுவத் தேடுறது லேசுப்பட்ட காரியமில்ல, ஒரு வெள்ளணுக்கு நூத்துக்கணக்குல செவப்பணு, வட்டத்த நகத்திக்கிட்டே போகணும், வெயில் நேரத்துல காலி மைதானத்துல ஆளத் தேடுற மாதிரி, அங்க ஒண்ணு, அப்புறம் ரொம்ப நேரம் யாருமே இல்ல, அப்புறம் ஓரமா ஒண்ணு. நூறு சேர்க்குறதுக்குள்ள கழுத்து விட்டுப் போயிரும். எல்லாரும் மொனகிட்டு இருந்தோம், அப்ப ஜெர்லின் மட்டும் 'எனக்கு நெறைய இருக்கே'ன்னா. எட்டிப் பாத்தேன். அய்யோ! தேரோட்டம்! ஒரு வட்டத்துல பதினஞ்சு இருபது, ஊதா ஊதாவா, தோளு ஒரசிக்கிட்டு. நான் போட்ட கூச்சல்ல மொத்த பேட்ச்சும் ஓடி வந்துச்சு. வாங்கடா வாங்க, ஜெர்லின் ரத்தத்துல திருவிழா, ஜோடு போட்டவங்க வெளிய விட்டுட்டு வரிசையா வாங்கன்னு ஆள ஒழுங்குபடுத்துனேன். அஞ்சு வகைல எங்கயும் கெடைக்காத பேசோஃபில் கூட அதுல இருந்துச்சு, நூறுல ஒண்ணு இருந்தா பெருசு, பாதிப் பேரு ஸ்லைடுல இருக்கவே இருக்காது, இவகிட்ட வட்டத்துக்கு ஒண்ணு. அன்னைலருந்து பேசோஃபில் பாக்கணுமா, ஜெர்லின்கிட்ட போங்கறது ஹாஸ்டல்ல வழக்கமாகிப் போச்சு. பரீட்சைக்குப் படிக்கதுக்கு வாங்கிட்டுப் போவாங்க, ராசியான ஸ்லைடும்பாங்க. இவளும் எல்லாருக்கும் குடுப்பா, இவளுக்கு எதையுமே இல்லன்னு சொல்லத் தெரியாது. எம்பது கண்ணு பாத்திருக்கும் அத. எம்பது கண்ணும் சந்தோசமாப் பாத்துச்சு. ஒரு கண்ணு கூட ஏன் இவ்வளவு கூட்டம்னு கேக்கல. என் ரெண்டு கண்ணையும் சேத்துத்தான்.

இருபத்திநாலு. சரி, ஒழுங்காப் பாப்போம், அருளு, பதறாத. அஞ்சு பேருல யாரு இது. நியூட்ரோஃபில்னா நியூக்ளியஸ் மூணு நாலு துண்டா, நடுவுல மெல்லிசா நூல் கோத்த மாதிரி இருக்கும், மல்லிப்பூ சரம் அந்துபோன மாதிரி, சுத்தி லேசா ரோஸ் பொடி தூவியிருக்கும். இது ஒரே துண்டு, அதுல்ல. ஈசினோஃபில்னா ரெண்டு துண்டு, கூலிங்கிளாஸ் போட்ட மாமா, மேலெல்லாம் செங்கல் கலர் குருணை, அதுவும் இல்ல. பேசோஃபில்னா கருநீலக் குருணை நியூக்ளியஸையே மறைச்சிரும், பக்கத்துல ஒண்ணு நிக்குது, அது வேற, இது வேற. லிம்போசைட்டா? உருண்டை நியூக்ளியஸ் இருக்கு, சரிதான், ஆனா லிம்போசைட்டுல அது வீட்ட அடைச்சுக்கிட்டு நிக்கும், ஓரத்துல மட்டும் வானத்துக் கலர்ல ஒரு கோடு தெரியும். இது ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது, மிச்சமெல்லாம் அகலமா வெளி, வெளியெல்லாம் குருணை. மோனோசைட்டா, அவரு பெரிய ஆளு, அவிச்ச அவரக்கொட்டை மாதிரி நியூக்ளியஸ், சாம்பக் கலர் சட்டை. இது சாம்பல் இல்ல. ஜனவரில இந்த மாதிரி எது வந்தாலும் நாங்க மோனோசைட்டுப் பொட்டில தூக்கிப் போட்டோம். அடையாளம் தெரியலையா, மோனோசைட்டு! பஸ்ல எடமில்லாதவங்கள டிரைவர் பக்கத்துல ஒக்கார வைக்க மாதிரி. இப்ப தெரியுது எனக்கு இது யாருன்னு. அதான் பிரச்சனையே. ஒரு மாசத்துக்கு முன்னாடி லைப்ரரில ரெண்டாம் வருசத்துக்காரங்க பேத்தாலஜி புத்தகத்த, யாரும் படிக்கச் சொல்லாம, படம் நல்லா இருக்கேன்னு எடுத்துப் பாத்தேன். கலர் படமா வழவழன்னு இருந்துச்சு, பாத்துட்டே முறுக்கு தின்னேன். அதுல இவரு இருந்தாரு. மைலோசைட்டு. நியூட்ரோஃபில்லோட சின்ன வயசு. எலும்பு மஜ்ஜைக்குள்ள இருந்து வளந்து, மடங்கி, துண்டாகி, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரணும். வெளிய வரவே கூடாத வயசு இது. இருபத்தஞ்சு, அதுவும் இவரேதான். இருபத்தாறு, லாடம் மாதிரி வளைஞ்சது, இவருக்கு அடுத்த வயசு. இருபத்தேழு, வளந்தது. எல்லா வயசும் ஒரே தெருவுல. திருவிழான்னா கைக்குழந்தையக் கூடத் தூக்கிட்டுத்தான வருவாங்க.

இல்ல, இரு. வால் பக்கமா இருக்கும். படலம் முடியுற எடத்துல வெள்ளணு போய் ஒதுங்கிக் கூட்டமா நிக்கும், அத வச்சு எண்ணாதீங்கன்னு கிளாஸ்லயே சொன்னாங்க. நான் வால்ல நிக்கேன் போல, லூசு, வால்ல நின்னுக்கிட்டுப் பயப்படுதேன். திருகாணியத் திருகி நடுவுக்கு வாரேன். வட்டம் வழுக்குது, செவப்பணுங்க ஓடுது, நில்லுங்க, நடுவு. பதினெட்டு. இன்னும் உள்ள. இருபது. இந்தப் பக்கம். பதினாறு. எங்க போனாலும் கூட்டம். வெளிய வாரதுக்கு சந்து இல்ல இந்த வட்டத்துல. காய்ச்சல்ல கூடும்ல வெள்ளணு? கூடும். ஜனவரில அவளுக்குக் காய்ச்சலா? இல்ல, அன்னைக்குச் சாயந்திரம் த்ரோபால் ஆடுனா, நான்தான் பந்து மூஞ்சில பட்டு அழுதேன். சாயக் கோளாறா? சாயம் பிரமாதமா ஏறியிருக்கு. கண்ணுக் கோளாறா? வலது கண்ணுல ஜெர்லின் ரப்பர் பந்த அமுக்கிக்கிட்டே பேச்சியண்ணன்கிட்ட 'அண்ணே, ஆடாதீங்க, நீங்க ஆடுனா எனக்கு மார்க் ஆடும்'கா. அவரு 'நான் ஆடல தாயி, என் ரத்தம் ஆடுது'ங்காரு. அவ சிரிக்கா. சிரிக்கும்போது கன்னத்து எலும்பு துருத்துது. எப்பருந்து துருத்துது? முன்னாடி உருண்டையால்லா இருந்தா, மணப்பாட்டுலருந்து வந்து எறங்குன அன்னைக்கு அவளும் அவ பெட்டியும் ஒரே அகலம்னு நானே ஓட்டியிருக்கேன். மெஸ்ல ரெண்டாவது இட்லிலயே தட்டத் தள்ளிருவா. 'ரொம்பிருச்சுட்டி.' நாலு மாசமா ரெண்டு இட்லி. மிச்ச இட்லிய நான் சாப்பிட்டேன்! தெனம் நான்தான் சாப்பிட்டேன், நான் குண்டானேன், அவ மெலிஞ்சா, எப்டிடி எப்டிடின்னு புள்ளைங்க டயட்டு கேட்டாங்க. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க மாட்டா, கல்லு வச்ச மாதிரி இருக்குன்னா, கேஸுட்டி, ஓமத்தண்ணி குடின்னேன். டாக்டர் அருள்செல்வி! காலைல எந்திரிச்சா பெட்ஷீட் அவ முதுகு வடிவத்துல நனைஞ்சிருக்கும், ஃபேன் அவ பக்கம் சுத்த மாட்டேங்குதுன்னு வார்டன்கிட்ட சண்ட போட்டேன். அந்தப் புத்தகத்துல படத்துக்குக் கீழ ஒரு பத்தி இருந்துச்சு. மண்ணீரல் வீங்கும், இரைப்பைய அமுக்கும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு ரொம்புன மாதிரி இருக்கும், எடை குறையும், வேர்க்கும். அதத்தான் முறுக்கு தின்னுக்கிட்டே படிச்சிருக்கேன், சாயந்திரம் மெஸ்ல போய் அவ இட்லியத் தின்னிருக்கேன், ரெண்டையும் சேத்து வைக்கணும்னு என் மண்டைக்குத் தோணல. அந்தப் பக்கத்தோட தலைப்ப நான் நெனைக்க மாட்டேன். நெனைக்க மாட்டேன்னு நெனைக்கும்போதே வந்து நின்னுருச்சு. ரத்தப் புத்துநோய். ஆனா கடைசில ஒரு வரி இருந்துச்சு, இருந்துச்சுல்ல, சத்தியமா இருந்துச்சு, சீக்கிரம் கண்டுபிடிச்சா தெனம் மாத்திரை போட்டே ரொம்ப காலம் நல்லா இருக்கலாம்னு. சீக்கிரம்னா எப்ப. ஜனவரின்னா சீக்கிரமா. ஆகஸ்ட்டுன்னா?

ஜனவரில இத எண்ணுனது நான். இதத்தான் தள்ளித் தள்ளி வச்சுட்டு இருந்தேன், வந்துருச்சு. பக்கத்துல ஒக்காந்திருக்கவங்க ஸ்லைட மாத்தி எண்ணணும், அதான் அன்னைக்கு முறை. அவ என்னோடத எண்ணுனா, நாக்கக் கடிச்சுக்கிட்டு ஒண்ணேகால் மணி நேரம், ஒவ்வொண்ணா. நான் அவளோடத எண்ணல. பத்துப் பன்னண்டு பாத்தேன், இது யாரு அது யாருன்னு கொழப்பமா இருந்துச்சு, மத்தவங்களுக்கு பேசோஃபில் காட்டுற குஷில வேற இருந்தேன், புத்தகத்துல இருக்கிற நார்மல் நம்பர எழுதிட்டேன். நியூட்ரோஃபில் அறுபத்திரெண்டு, லிம்போசைட் முப்பது, ஈசினோஃபில் நாலு, மோனோசைட் நாலு, பேசோஃபில் பூஜ்யம். பேசோஃபில் பூஜ்யம்! ஊரையே கூட்டிக் காட்டிட்டு பூஜ்யம்னு எழுதியிருக்கேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க, புத்தக நம்பர்ல ரெண்டு கூட்டி ரெண்டு கொறச்சு, டியூட்டரும் அம்பது ரெக்கார்டு நோட்டப் பத்து நிமிஷத்துல கையெழுத்து போட்டுத் தள்ளிருவாரு. அந்த நோட்டு இப்ப எனக்கு முன்னாடி மேஜைல இருக்கு, பிரவுன் அட்டை, கொண்டு வரணும்னு ரூல். முப்பத்தோராம் பக்கம். பேரு ஜெர்லின், வயசு பதினெட்டு, முடிவு: நார்மல். என் கையெழுத்து குண்டு குண்டா அழகா இருக்கும், எல்லாரும் சொல்லுவாங்க. நார்மலுக்குக் கீழ ஸ்கேல் வச்சு ரெட்டைக் கோடு வேற போட்டிருக்கேன்.

பதிமூணு நிமிஷம். எக்ஸ்டர்னல் மேடம் பக்கத்து டேபிளுக்கு வந்துட்டாங்க. வெளியூர்லருந்து வந்திருக்காங்க, கிராப்பு வெட்டுன வெள்ள முடி, கஞ்சி போட்ட காட்டன் சேலை, நடந்தா சேலை மொடமொடன்னு சத்தம் போடுது. பக்கத்துல இர்ஃபானுக்கும் இதே கேள்விதான், அவன் பேப்பரப் பாத்துட்டு 'தம்பி, எண்ணுனியா, எழுதுனியா?'ன்னு கேக்காங்க. அவன் 'எண்ணி... எழுதுனேன் மேடம்'ங்கான். 'அறுபது முப்பது அஞ்சு அஞ்சு. உன் ரத்தம் புத்தகம் படிச்சிருக்கு.' ஹால்ல ரெண்டு பேரு சிரிக்காங்க. அடுத்தது நான். யோசி. அறுபத்திரெண்டு முப்பதுன்னு நானும் எழுதிரலாம், மிச்ச கட்டத்த ஒரு நிமிஷத்துல ரொப்பிருவேன், மேடம் கிண்டல் பண்ணிட்டுப் பாஸ் போட்ருவாங்க, வெளிய போயி ஜெர்லின்கிட்ட ஒரு பிளட் டெஸ்ட் எடுட்டின்னு சொல்லிக்கலாம். சொல்லிக்கலாம்ல? யாரு கேப்பா? ஊசின்னாலே ஓடுவா, இன்னைக்கு ரெண்டு மணி பஸ்ல ஊருக்குப் போறா, பத்து நாள் லீவு, அவ சித்தி கல்யாணம். நான் என்னன்னு சொல்லுவேன், உன் ஸ்லைடுல கைக்குழந்தைங்க நிக்குதுன்னா? 'போட்டி, பரீட்சைல ஒளறுனது பத்தாதா'ம்பா. நானும் சிரிச்சிருவேன். எனக்கு என்னையத் தெரியும், அவ சிரிச்சா நான் சிரிச்சிருவேன், அப்புறமாச் சொல்லலாம்னு ஆயிரும், ஜனவரிலருந்து அதுதான ஆகிட்டு இருக்கு. மணி அடிச்சதும் பேச்சியண்ணன் பிளீச்சிங் தண்ணி டிரேயோட வருவாரு, எல்லா ஸ்லைடையும் அதுல போட்ரணும், இதுவும் போயிரும், நான் பாத்தது நெசம்தானான்னு எனக்கே மூணு நாள்ல சந்தேகம் வந்துரும். நான் மொத வருசம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இந்த ஹால்ல ஒரே ஆளு, மொடமொடன்னு சேலை, ரெண்டடி தள்ளி. அவங்ககிட்ட சொன்னா இது யாரு ரத்தம்னு கேப்பாங்க. என்னோடது இல்லன்னா மால்பிராக்டிஸ். பேப்பரப் பிடுங்கிருவாங்க, ஒரு வருசமோ ரெண்டு வருசமோ எழுத விட மாட்டாங்க. ஸ்லைடு குடுத்த ஜெர்லினையும் சேத்துத்தான். கவர்மெண்ட் ஸ்கூல் கோட்டால வந்தவங்க பின்ன எப்படி இருப்பாங்கன்னு சொல்லுவாங்க, சொல்லணும்னே காத்துட்டு இருக்க ரெண்டு மூணு பேரு இருக்காங்க. சங்கரன்கோவில்ல எங்கம்மா பூக்கட்டுற எடத்துல எல்லாரும் அவங்கள இப்பவே டாக்டரம்மா அம்மான்னுதான் கூப்பிடுதாங்க. அம்மா, நான் கைய அனுப்பல, அது தானா பாக்கெட்டுக்குள்ள போச்சு.

"என்னம்மா, இன்னும் இருபத்தேழுலயே நிக்குது?" மொடமொட சத்தம் என் தோளுக்கு மேல. எந்திரிச்சேன், ஸ்டூல் விழுந்துச்சு, எடுத்து வச்சேன், மறுபடி விழுந்துச்சு. "விடும்மா, அது கெடக்கட்டும். இது என்ன, இந்தக் கட்டத்துல கேள்விக்குறி போட்டிருக்க?" எப்ப போட்டேன்? மைப் புள்ளிக்கு மேல வால் வளைஞ்சு நிஜமாவே கேள்விக்குறிதான் இருக்கு. "தெரியல மேடம், அஞ்சுலயும் வரல." "அஞ்சுலயும் வராம எங்கருந்து வந்துச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டே கண்ணாடியக் கழட்டிட்டுக் குனிஞ்சாங்க. இனி என் கைல ஒண்ணுமில்ல. அவங்க விரல் ஃபோகஸ் திருகாணிய ஒரு நூல் திருப்புச்சு. ஒரு நூல் பின்னால. சிரிப்பு கன்னத்துலருந்து எறங்குறத நான் பக்கத்துலருந்து பாத்தேன். ஸ்லைட நகத்துனாங்க, நிப்பாட்டுனாங்க, நகத்துனாங்க. வால் பக்கம், நடுவு, இந்தப் பக்கம், நான் போன அதே சந்தெல்லாம் போயிட்டு வாராங்க. சொல்லுங்க மேடம், சாயக் கோளாறுன்னு சொல்லுங்க, முட்டாள்னு திட்டுங்க, ஃபெயில் போடுங்க. தலைய நிமித்துனாங்க. என் முகத்தப் பாத்தாங்க, அப்புறம் என் கண்ணு ரெப்பையக் கட்டைவிரலால லேசா எறக்கி உள்ள பாத்தாங்க, அப்புறம் இதுவரைக்கும் இந்த ஹால்ல யாருகிட்டயும் பேசாத ஒரு குரல்ல, "இது உன் ரத்தம்தானேம்மா?"ன்னாங்க.

ஆமான்னு சொல்லிரலாம். அந்தக் குரல் அப்படி இருந்துச்சு, அதுக்குள்ள போய்ப் படுத்துக்கலாம் போல. ஆமான்னா என்னையத் தாங்குவாங்க, ஒக்கார வைப்பாங்க, தண்ணி குடுப்பாங்க, மார்க்க யாரும் கேக்க மாட்டாங்க. அப்புறம் என் கைலருந்து ரத்தம் எடுப்பாங்க, அது சுத்தமா இருக்கும், அறுபத்திரெண்டு முப்பதுன்னு புத்தகமா இருக்கும், ஏதோ ஸ்லைடு மாறிப் போச்சும்பாங்க, நல்லவேளைம்பாங்க, டிரேல போட்ருவாங்க. ரெண்டு மணிக்கு மணப்பாட்டு பஸ் கெளம்பிரும். வலது கண்ணு இன்னும் ஹால்லதான் இருக்கு, அது எப்பவும் தொறந்தேதான் இருந்துச்சு, பழக்கம். ஜெர்லின் பி.பி. எழுதி முடிச்சுட்டு என்னையப் பாக்கா. என்னட்டின்னு புருவத்தத் தூக்குதா. நான் மாட்டிக்கிட்டேன்னு நெனச்சுட்டா, மேடத்துக்குத் தெரியாம ரெண்டு கையையும் கும்பிட்டு எனக்காகச் சாமி கும்பிடுற மாதிரி காட்டுதா, அப்புறம் சிலுவையும் போட்டுக்கிடுதா, எதுக்கும் இருக்கட்டும்னு. நான் குனிஞ்சு ஸ்லைட எடுத்தேன். பேப்பர் ஓரத்துல நகத்தக் குடுத்து உரிச்சேன். என் ஆறு கிழிஞ்சு வந்துச்சு, பாதி வரல, எச்சியத் தொட்டுத் தேச்சேன், ரத்த ஸ்லைட எச்சி தொட்டுத் தேய்க்கேன் எக்ஸ்டர்னலுக்கு முன்னாடி, பரவால்ல, தெரிஞ்சுருச்சு, நாப்பத்தேழு.

"இல்ல மேடம். என்னோடது கழுவும்போது போயிருச்சு. இத நான்தான் மாத்தி வச்சேன், அவ சும்மா ராசிக்குன்னு குடுத்தா, அவ மேல தப்பில்ல. இது ஜனவரில போட்டது. ஜனவரில இத நார்மல்னு எழுதுனதும் நான்தான்." முப்பத்தோராம் பக்கத்தப் பிரிச்சு வச்சேன். மேடம் பக்கத்தப் பாத்தாங்க, ரெட்டைக் கோட்டப் பாத்தாங்க. திட்டுனா நல்லா இருந்திருக்கும். "நாப்பத்தேழு யாரு?"

கைய நீட்டிக் காட்டுனேன். ஜெர்லின் கழுத்துல ஸ்டெத்தோட எந்திரிச்சு வந்தா, வரும்போதே 'மேடம், ஸ்லைடு நான்தான் குடுத்தேன், இவ கேக்கவே இல்ல, என்னைய வேணா ஃபெயில் ஆக்குங்க'ன்னு மூச்சு விடாமப் பேசிக்கிட்டே வந்தா. நான் ஒருத்தி இவளக் காட்டிக் குடுத்தேன்னா இவ ஒருத்தி. மேடம் அவ தோள்ல கைய வச்சாங்க. "அத அப்புறம் பேசலாம்மா. அந்தக் கட்டில்ல கொஞ்சம் படு." "எனக்கு பி.பி. முடிஞ்சிருச்சு மேடம், நூத்தியிருவது எம்பது, பேச்சியண்ணனுக்கு." "தெரியும். நீ படு." கட்டிலச் சுத்தித் திரைய இழுத்தாங்க. ஜெர்லின் என் கையப் பிடிச்சிட்டா, விடல, அதனால நானும் உள்ள. அவ வெரலு சில்லுன்னு இருக்கு. மூணு பேருக்கு எடமில்ல அந்தத் திரைக்குள்ள, பச்சைத் துணி என் முதுகுல ஒட்டுது. "முட்டிய மடக்கி வயித்தத் தளத்தி வைம்மா. நல்லா மூச்ச இழு." மேடம் கை அவ வயித்துல வலது பக்கம் கீழ ஆரம்பிச்சுச்சு. எனக்கு இது தெரியும், அந்தப் பத்திலயே இருந்துச்சு. கீழருந்து சாய்வா இடது விலா வரைக்கும் கை போகும், மண்ணீரல் வீங்கலன்னா எதுலயும் தட்டாம விலா எலும்பு வரைக்கும் வழுக்கிட்டுப் போயிரும். போயிரு. "கூசுது மேடம்"னு ஜெர்லின் சிரிக்கா, வயிறு குலுங்குது. "மறுபடி மூச்ச இழு." போயிரு, போயிரு, எலும்பு வரைக்கும் போயிரு, நான் ரெண்டு வருசம் இல்ல, அஞ்சு வருசம் இதே ஸ்டூல்ல ஒக்காந்துக்கிடுதேன், நீ போயிரு. கை தொப்புள் கிட்ட வந்துச்சு. நின்னுருச்சு.

வெளிய பேச்சியண்ணன் மணி அடிச்சாரு. ஸ்டூல் எல்லாம் இழுபடுது, டிரேல ஸ்லைடு விழுற சத்தம் ஒண்ணொண்ணாக் கேக்குது. மேடம் கைய எடுத்தபாடில்ல, அது இருந்த எடத்துல ஏதோ ஒண்ணோட ஓரத்தத் தடவிக்கிட்டே இருக்கு. ஜெர்லின் சிரிப்பு நின்னுருச்சு. அவ மேடத்தக் கேக்கல. என்னையத்தான் பாத்தா. "என்னட்டி? அங்க என்ன இருக்கு?" என் கைல அவ ஸ்லைடு இன்னும் இருக்கு, டிரேக்குப் போகல, ஓரம் உள்ளங்கைல அமுங்குது. எதையாச்சும் சொல்லிச் சிரிக்க வச்சிரலாம், அது எனக்கு நல்லா வரும். சிரிக்க வைக்கல. ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சு அவளப் பாத்துக்கிட்டே இருந்தேன்.